வால் நீங்காத கன்னியர்: ரால்ஃப் கஹூனின் கடற்கன்னி ஓவியங்களில் உழைப்பும் நகையும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேப் காட் பகுதியில் வாழ்ந்த ரால்ஃப் கஹூன் (1910–1982) வரைந்த கடற்கன்னி ஓவியங்கள், நாட்டார் பாணியில் அமைந்த வேடிக்கைச் சித்திரங்கள் என்ற அளவிலேயே பெரிதும் இரசிக்கப்படுகின்றன. அவற்றுள் கடற்கன்னியர் வீட்டுவேலை செய்யும் காட்சிகளை எடுத்துக்கொண்டு, அவ்வேலை யாருக்காகச் செய்யப்படுகின்றது என்ற வினாவை இக்கட்டுரை முன்வைக்கின்றது. திமிங்கில வேட்டைக் காலத்து நியூ இங்கிலாந்துப் பெண்களின் உழைப்பு, தோல் பறிக்கப்பட்ட நீர்மகளிர் பற்றிய வடகடற் கதைகள், கஹூன் இணையரின் அணியோவியத் தொழில் ஆகியவற்றின் துணையுடன், இவ்வோவியங்களின் நகை எதை மறைக்கின்றது, எதை வெளிப்படுத்துகின்றது என்பது ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கடற்கன்னி, நாட்டார் பாணி ஓவியம், கேப் காட், வீட்டுழைப்பு, போலி வழக்காறு, நகை

முன்னுரை

கேப் காட் என்பது அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் மடக்கிய கையைப் போல நீண்டு வளையும் நிலப்பகுதியாகும். மீன்பிடித்தலும் சிப்பி எடுத்தலும் கப்பலோட்டலும் அதன் பழைய தொழில்கள். இருபதாம் நூற்றாண்டில் அது செல்வர்கள் கோடையைக் கழிக்கும் கரையாக மாறியது. இந்த மாற்றத்தின் நடுவே, அப்பகுதியின் சாத்தம் என்னும் ஊரில் பிறந்தவர் ரால்ஃப் கஹூன். அவரும் அவர்தம் துணைவியார் மார்த்தா கஹூனும் (1905–1999) கொட்டூயிட் என்னும் சிற்றூரில், பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடமாகிய ஒரு பழைய வீட்டில் வாழ்ந்து, முதலில் மரச்சாமான்களுக்கு அணியோவியம் தீட்டியும் பின்னர்ச் சட்டமிட்ட ஓவியங்கள் வரைந்தும் தொழில் நடத்தினர்.

ரால்ஃபின் பெயரை நிலைநிறுத்தியவை கடற்கன்னியரும் மாலுமியரும் ஒருங்கே தோன்றும் ஓவியங்கள். அவற்றில் கடற்கன்னியர் பாறைமேல் அமர்ந்து பாடுவோராக இல்லை. துணியைக் கொடியில் உலர்த்துகின்றனர், சமைக்கின்றனர், விற்கின்றனர், தோட்டம் பேணுகின்றனர். அருகில் மாலுமியர் நிற்கின்றனர். பின்னே கலங்கரை விளக்கமும் பாய் விரித்த கப்பலும் தெரிகின்றன. கடலில் திமிங்கிலம் நட்போடு தலைகாட்டுகின்றது. பார்த்தவுடன் சிரிப்பு வருகின்றது. இச்சிரிப்பு எங்கிருந்து வருகின்றது என்று கேட்பவர் குறைவு. வேடிக்கை ஓவியத்துக்கு விளக்கம் தேவையில்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். பல பத்தாண்டுகள் ஒரு வீட்டின் சுவரில் தொங்கும் படம், அவ்வீட்டார் எதை இயல்பு என்று கொள்கின்றனர் என்பதற்குச் சான்றாகின்றது. அவ்வகையில் வேடிக்கைப் படமும் பெருங்காப்பிய ஓவியத்துக்குக் குறையாத ஆய்வுப்பொருளே.

ஒரே பொருளைச் சிறுசிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் வரைந்தவர் ரால்ஃப். ஆதலின் ஒரு தனி ஓவியத்தை எடுத்து நுணுகுவதைவிட, துணி உலர்த்தும் காட்சி என்னும் வகையை எடுத்து நோக்குவதே பொருத்தமாகும்.

சொல்லும் உருவும்

தமிழில் ‘கடற்கன்னி’, ‘மச்சகன்னி’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. இரண்டிலும் தலைமைச் சொல் ‘கன்னி’. மணமாகாமை, தீண்டப்படாமை, அதனால் வரும் ஆற்றல் ஆகிய கருத்துகள் அச்சொல்லோடு வருகின்றன. ஆங்கிலத்தில் ‘மெர்மெய்ட்’ என்னும் சொல்லின் முற்பகுதி கடலையும் நீர்நிலையையும் குறிக்கும் பழஞ்சொல். பிற்பகுதியாகிய ‘மெய்ட்’ என்பதற்குக் கன்னி என்பது ஒரு பொருள். வீட்டுப் பணிப்பெண் என்பது மற்றொரு பொருள். தமிழ்ச்சொல்லில் இல்லாத இவ்விரண்டாம் பொருளே கஹூனின் வேடிக்கைக்கு விதை எனக் கருத இடமுண்டு. கடலின் கன்னி கடலின் பணிப்பெண்ணாகின்றாள். சொல்லுக்குள் உறங்கிய சிலேடையைத் தூரிகை எழுப்பிவிடுகின்றது. தமிழில் இவ்வோவியங்களைப் பற்றி எழுதும்போது ‘கடற்கன்னி’ என்று மட்டும் சொன்னால் இச்சிலேடை தொலைந்துபோகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

உருவ மரபிலும் ஒரு தலைகீழாக்கம் உண்டு. ஐரோப்பிய இடைக்காலத் தேவாலயச் சிற்பங்களில் கடற்கன்னியின் கைகளில் சீப்பும் கண்ணாடியும் இருக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள செனார் ஊர்த் தேவாலயத்தின் பழைய இருக்கை ஒன்றில் செதுக்கப்பட்ட கடற்கன்னி இதற்குப் பெயர்பெற்ற சான்று. அழகுச் செருக்கு, அதனால் விளையும் மயக்கம், அம்மயக்கத்தால் வரும் அழிவு ஆகியவற்றை அவ்விரு பொருள்களும் உணர்த்தின. நியூ இங்கிலாந்திலும் இம்மரபு தொடர்ந்தது. மாசசூசெட்ஸின் வேலண்ட் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்டு, இன்று வெர்மாண்ட் மாநிலத்து ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் உள்ள மரத்தாலான காற்றுத்திசைகாட்டியில் கடற்கன்னி சீப்பும் கண்ணாடியுமாகவே தோன்றுகின்றாள். இம்மரபின் மடியில் வளர்ந்த கஹூனின் துணிக்கொடிக் காட்சியில் அவள் கைகளில் ஈரத்துணியும் துணிக்கவ்வியும் வந்துவிட்டன. தன்னைப் பார்த்துக்கொள்ளும் கருவிகள் போய், பிறரைப் பேணும் கருவிகள் வந்துள்ளன. ஆபத்து நீக்கப்பட்டிருக்கின்றது, உடன் அவளது தன்னின்பமும் நீக்கப்பட்டிருக்கின்றது. இரண்டாவது நீக்கத்தை எவரும் கவனிப்பதில்லை.

கொடியில் தொங்கும் துணி

துணிக்கொடிக் காட்சியின் அமைப்பு எளிது. கரை ஒன்று, அதன்மேல் நீளும் கயிறு, கயிற்றில் துணிகள், துணிகளுக்கு இருபுறமும் கன்னியர். கயிறு படத்தைக் கிடைக்கோடாகப் பிரிக்கின்றது. தொலைவில் தெரியும் கடலின் விளிம்பும் அதற்கு இணையாகச் செல்கின்றது. கொடியில் காற்றடித்துப் புடைக்கும் துணியும் கப்பலில் காற்றடித்துப் புடைக்கும் பாயும் ஒரே வடிவின. வீட்டையும் கடலையும் ஒரே காற்று இணைக்கின்றது என்று சொல்வதுபோல் அமைந்த இவ்வொப்புமை, இவ்வகை ஓவியங்களின் உண்மையான அழகுகளுள் ஒன்று.

இங்கே ஓர் எளிய வினாவை எழுப்பலாம். கொடியில் தொங்குவது யாருடைய துணி? இடைக்குக் கீழே மீனாக இருப்பவளுக்குக் காற்சட்டை வேண்டாம்; காலுறை வேண்டாம். நீரில் வாழ்பவளுக்குப் படுக்கை விரிப்பும் வேண்டாம். இன்னும் சொன்னால், நீருக்குள் வாழும் ஒருத்திக்கு நனைந்த துணியை உலர்த்துவது என்ற செயலே பொருளற்றது. அங்கே காய்வன எல்லாம் கால் உடையோருக்கும் கரையில் உறங்குவோருக்கும் உரியவை. ஓவியத்தின் வேடிக்கை இப்பொருத்தமின்மையில்தான் இருக்கின்றது. பொருத்தமின்மையைப் பிரித்துப் பார்த்தால் அதன் உள்ளே ஒரு கணக்கு இருக்கின்றது: வேலை செய்பவள் ஒருத்தி, அவ்வேலையின் பயனை உடுத்துபவன் மற்றொருவன். நாட்டார் பாணி ஓவியத்தின் தட்டையான வண்ணத்தில் இக்கணக்கு ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தும் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போவது, அது நமக்கு மிகப் பழகிய கணக்கு என்பதனால் ஆகும்.

திமிங்கில எலும்பில் செதுக்கிய காதல்

இக்காட்சியின் வரலாற்றுப் பின்புலம் திமிங்கில வேட்டைக் காலம். கேப் காட்டுக்குத் தெற்கே உள்ள நான்டக்கெட் தீவும் நியூ பெட்ஃபர்ட் துறைமுகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் பெரும் திமிங்கில வேட்டைத் தளங்களாக விளங்கின. அட்லாண்டிக் கடலில் திமிங்கிலங்கள் அருகவே கப்பல்கள் பசிபிக் பெருங்கடல் வரை சென்றன. ஒரு பயணம் மூன்று, நான்கு ஆண்டுகள் நீண்டது. மாலுமிக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணத்தின் முடிவில் கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கு உண்டு. ‘லே’ எனப்பட்ட இப்பங்கு முறையில், கப்பல் திரும்பும்வரை வீட்டுக்கு வருவாய் இல்லை.

அந்த ஆண்டுகளில் வீடு எவ்வாறு நடந்தது? லிசா நார்லிங் 2000இல் வெளியிட்ட நூலொன்று 1720 முதல் 1870 வரையிலான காலத்துத் திமிங்கில வேட்டைச் சமூகப் பெண்களை ஆராய்கின்றது. காத்திருந்த மனைவி என்னும் உருக்கமான சித்திரத்துக்குப் பின்னால், கடன் வாங்கியும் கணக்குத் தீர்த்தும் தையல், துணிவெளுப்பு, விடுதி நடத்துதல் போன்ற வேலைகள் செய்தும் குடும்பங்களையும் ஊர்ப் பொருளாதாரத்தையும் தாங்கிய பெண்கள் இருந்தனர் என்பது இவ்வகை ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. நான்டக்கெட்டின் மையத் தெருவில் பெண்கள் நடத்திய கடைகள் வரிசையாக இருந்தமையால் அதன் ஒரு பகுதி ‘பெட்டிகோட் வரிசை’ என்றே பெயர் பெற்றது. பெயரிலேயே ஒரு கேலி இருக்கின்றது. கடைநடத்தும் ஆடவரின் உடையால் எந்தத் தெருவும் பெயர் பெற்றதில்லை.

கப்பலிலோ மாலுமிக்கு வேட்டையில்லாத நாள்கள் மிகுதி. அப்பொழுதுகளில் அவன் திமிங்கிலப் பல்லிலும் எலும்பிலும் உருவங்கள் கீறினான், பொருள்கள் செதுக்கினான். ‘ஸ்கிரிம்ஷா’ எனப்படும் இக்கலை இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றது. இக்கலைப்பொருள்கள் எவை என்று பார்ப்பது பயன் தரும். மாவுப் பண்டங்களின் விளிம்பை வெட்டும் சிறு சக்கரங்கள், நூற்சிட்டத்தைச் சுற்றும் விரிசட்டங்கள், மாவு தேய்க்கும் உருளைகள், பெண்களின் இறுக்குக் கச்சையில் செருகும் பட்டைகள், துணிக்கவ்விகள். மனைவிக்கும் காதலிக்கும் என மாதக்கணக்கில் செதுக்கப்பட்ட காதற்பரிசுகளுள் மிகப் பல, அவள் செய்யவேண்டிய வேலைக்கான கருவிகளே. காதல் என்பது இங்கே உழைப்புக் கருவியின் வடிவில் கடல் கடந்து வந்தது. இதனை ஏளனமாகக் கொள்ளவேண்டுவதில்லை. வீட்டை நினைத்தவன் வீட்டில் நிகழும் வேலையை நினைத்தான். அதை அழகாக்கித் தர விரும்பினான். ஆயினும் அவன் நினைவில் அவள் ஓய்ந்திருக்கவில்லை என்பது உண்மை.

மாலுமியின் கற்பனையில் பெண் இரு வடிவு கொண்டாள். கடலில் அவனை மயக்குபவள் ஒருத்தி. கரையில் அவனுக்காகத் துணி துவைப்பவள் ஒருத்தி. பழைய மாலுமிக் கலை இவ்விருவரையும் பெரும்பாலும் தனித்தனியே வைத்தது. கஹூன் இருவரையும் ஓருடலாக்கினார். மேற்பாதியும் கையும் மனைவிக்கு உரியவை. கீழ்ப்பாதி மயக்குபவளுக்கு உரியது. எலும்புத் துணிக்கவ்வியைச் செதுக்கிய மாலுமியின் கனவை அவ்வண்ணமே படமாக்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு இவ்வோவியங்கள் விடையாகின்றன. ஆகவே இவை பழங்கலையின் போலி என்று எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பழங்கலைக்குள் இருந்த ஓர் ஆசையை அது சொல்லாத அளவுக்குச் சொல்லிவிட்டவை.

தோலும் வாலும்

ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஆர்க்னி, ஷெட்லாந்துத் தீவுகளிலும் அயர்லாந்திலும் நார்டிக் நாடுகளிலும் கடல்நாய்ப் பெண்ணைப் பற்றிய கதை பரவலாக வழங்குகின்றது. நார்வே நாட்டு நாட்டாரியலர் ரெய்டார் கிறிஸ்டியன்சன் 1958இல் வெளியிட்ட இடம்பெயர் பழமரபுக்கதை அட்டவணையில் இதற்கு 4080 என்னும் எண் தரப்பட்டுள்ளது. கடல்நாயின் தோலைக் கழற்றிவைத்துக் கரையில் ஆடும் பெண்களுள் ஒருத்தியின் தோலை ஒருவன் ஒளித்துவைக்கின்றான். கடலுக்குத் திரும்ப முடியாத அவள் அவனுக்கு மனைவியாகின்றாள், வீட்டுவேலை செய்கின்றாள், பிள்ளைகளைப் பெறுகின்றாள். பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் பிள்ளைகள் வழியாகவே, ஒளித்துவைத்த தோல் அவளுக்குக் கிடைக்கின்றது. அன்றே கடலுக்குப் போய்விடுகின்றாள்.

இக்கதை வீட்டுழைப்பைப் பற்றி மிகக் கூர்மையாகப் பேசும் கதைகளுள் ஒன்று. அவள் நல்ல மனைவியாக இருந்தாள் என்று கதை சொல்கின்றது; தோல் கிடைத்த நொடியில் போய்விட்டாள் என்றும் சொல்கின்றது. இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே உள்ள மௌனத்தில், அத்தனை ஆண்டுகளின் உழைப்பும் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று என்னும் செய்தி அடங்கியுள்ளது. 1837இல் வெளிவந்த ஆண்டர்சனின் குட்டிக் கடற்கன்னிக் கதையும் வேறொரு வழியில் இதே விலையைப் பேசுகின்றது. கால் பெறுவதற்காக அவள் குரலை இழக்கின்றாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கின்றது. நிலத்தில் வாழ நீர்மகள் எதையேனும் கொடுத்தே தீரவேண்டும் என்பது இம்மரபின் அடிப்படை விதி.

கஹூனின் கன்னியர் எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவர்களது வால் அப்படியே இருக்கின்றது. எவனும் அதை ஒளித்துவைக்கவில்லை; சூனியக்காரி எவளும் அதைக் காலாக மாற்றவில்லை. கடல் சில அடித் தொலைவில்தான் இருக்கின்றது. போகலாம், ஆனால் போகவில்லை. இதற்கு இரு வகையாகப் பொருள் கொள்ள முடியும். முதலாவது, இவர்கள் விரும்பியே வேலை செய்கின்றனர். கதைமரபின் வன்முறையை நீக்கி, கடலும் கரையும் பகையின்றி வாழும் ஓர் உலகை ஓவியர் படைத்துள்ளார் என்பது. ஓவியங்களை வாங்கி மகிழ்ந்தோர் கண்டது இதுவே எனலாம். இரண்டாவது, தோலை ஒளிக்கவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அவ்வேலை இயல்பாகிவிட்டது என்பது. பூட்டு இல்லாத கதவைத் திறந்து வெளியேற எவருக்கும் தோன்றாத நிலை அது.

இவ்விரண்டில் எது சரி என்பதை வாலே காட்டுகின்றது. நிலத்தில் நிற்க வாலால் இயலாது. எனவே ஓவியர் வாலின் நுனியை மடித்து வளைத்து, அதன்மேல் உடலை நிமிர்த்தி நிறுத்துகின்றார். நீந்துவதற்கென அமைந்த உறுப்பு பாதத்தின் வேலையைச் செய்கின்றது. வேடிக்கையான தீர்வுதான். எனினும் படத்தில் உள்ள அனைத்திலும் வலுவந்தமாக வளைக்கப்பட்டது அது ஒன்றே. மரம் நேராக நிற்கின்றது. மாலுமி நேராக நிற்கின்றான். கலங்கரை விளக்கம் நேராக நிற்கின்றது. அவள் மட்டும் தன்னை மடித்து நிற்கின்றாள். முகத்தில் களைப்பு எழுதப்படாத இவ்வோவியங்களில், வேலையின் விலை வாலின் மடிப்பில் பதிவாகியுள்ளது என்று கொள்வது மிகையாகாது. முதற்பொருளை அடியோடு தள்ளவேண்டியதில்லை. ஆயினும் உருவமைப்பு சாய்வது இரண்டாவதன் பக்கமே.

ஓவியமரபில் வேலை செய்யும் கடற்கன்னி வேறெங்கும் இல்லாதவள் அல்லள் என்பதனால் ஓர் ஒப்பீடு இங்குத் தேவைப்படுகின்றது. தாய்லாந்தின் இராமகியன் மரபில், இலங்கைக்குக் கட்டப்படும் கற்பாலத்தை மீன்கூட்டத்தைக் கொண்டு கலைப்பவள் சுவண்ணமச்சா என்னும் பொன்மீன் மகள். அவள் தோதசகன் எனப்படும் இராவணனின் மகள். வான்மீகத்திலும் கம்பனிலும் இல்லாத இப்பாத்திரம் பாங்காக் மரகதப் புத்தர் கோயிலின் சுவரோவியங்களில் இடம்பெற்றுள்ளது. அவள் வேலைக்கு ஏவியவன் உண்டு, நோக்கம் உண்டு. அனுமன்மீது காதல் தோன்றியதும் அவ்வேலை நின்றுவிடுகின்றது. அங்கே காதல் வேலையை முடித்துவைக்கின்றது. கேப் காட்டில் காதல் வேலையைத் தொடங்கிவைக்கின்றது. கதையுள் நிகழும் வேலைக்கு முடிவு உண்டு. கஹூனின் கன்னியரைச் சூழ்ந்து கதை எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் கொடியருகில் என்றென்றும் நிற்கின்றனர்.

நகையின் தன்மை

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்களாக இளமை, மடன், பேதைமை, எள்ளல் ஆகிய நான்கைத் தொல்காப்பியம் குறிக்கின்றது. இவ்வகைப்பாட்டைக் கொண்டு நோக்கினால் கஹூனின் நகை எதனுள் அடங்கும்? கன்னியர்மேல் எள்ளல் இல்லை. அவர்கள் அழகாகவும் திறமையாகவும் வரையப்பட்டுள்ளனர். நிழலும் ஆழமும் குறைந்த வரைமுறையில் ஒரு குழந்தைத்தன்மை இருப்பதால் இளமையும் பேதைமையும் பொருந்துவனபோல் தோன்றும். ஆனால் அந்தப் பேதைமை படத்தில் உள்ளவர்களுடையதன்று. வரைபாணி பூண்டுகொண்ட பேதைமை. பார்ப்போனை, நீயும் சற்று நேரம் பேதையாக இரு, துணி யாருடையது என்று கேளாதே என்று அழைக்கும் பேதைமை. மடன் என்பதற்குக் கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று ஒரு விளக்கம் மரபில் உண்டு. இவ்வோவியங்களை நோக்கும்போது அது படத்திலுள்ள பெண்களைவிடப் படத்தை வாங்கியவர்களுக்கே நன்கு பொருந்துகின்றது.

வாங்கியோர் யாவர் என்பதும் தெரிந்ததே. ஜோன் விட்னி பேசன் அமெரிக்காவின் பெருஞ்செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த கலைச் சேகரிப்பாளர். பின்னாளில் நியூயார்க் மெட்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் உரிமையாளர். கஹூன் இணையர் தம் மரச்சாமான் ஓவியங்களைச் சட்டமிட்ட ஓவியங்களாக வரையலாம் எனத் தூண்டியவர் அவர். 1950களில் லாங் ஐலண்டில் உள்ள லோகஸ்ட் வேலி ஊரின் கலைக்கூடத்தில் அவை காட்சிக்கு வந்தன, விரைவில் விற்பனையாயின. கோடைக்காலத்தில் மட்டும் கடற்கரைக்கு வருவோருக்கு அங்குள்ள உழைப்பு ஓய்வின் ஒரு பகுதியாகவே தெரியும். வலை உலர்த்துவதும் சிப்பி எடுப்பதும் துணி காயப்போடுவதும் அவர்களுக்குக் காட்சிகள். அமெரிக்க வீடுகளில் மின் உலர்த்திப் பொறிகள் பரவத் தொடங்கிய அதே பத்தாண்டில் துணிக்கொடி ஓர் இனிய பழம்பொருளாகச் சட்டத்துக்குள் நுழைந்தது கவனிக்கத்தக்கது. சுமையாக இருந்தவரை எவரும் அதை வரவேற்பறையில் மாட்டியதில்லை.

கையொப்பமும் கையும்

ரால்ஃப் கஹூனை நாட்டார் ஓவியர் என்பது வழக்கு. ஆனால் அவர் பாஸ்டனில் கலைப்பள்ளியில் பயின்றவர். ஓவியங்கள் வரையப்பட்ட தளமோ பெரும்பாலும் ‘மேசனைட்’ என்னும் அழுத்தப் பலகை. 1920களில் ஆலையில் தோன்றிய பொருள். பழமையின் தோற்றம் புதிய பலகையின்மேல் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. அவரும் மார்த்தாவும் மணந்துகொண்ட 1932ஆம் ஆண்டில்தான் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹோல்கர் கேஹில் அமைத்த அமெரிக்க நாட்டார் கலைக் காட்சி நடைபெற்று, அதுவரை பழம்பொருட் கடைகளில் கிடந்தவற்றுக்குக் கலைமதிப்பைத் தேடித்தந்தது. ரிச்சர்ட் டார்சன் 1950இல் போலி வழக்காறு என்னும் கருத்தை முன்வைத்தபோது கண்டித்தது, வணிகத்துக்காகப் புனையப்பட்டு மரபென விற்கப்படுபவற்றை. ஹான்ஸ் மோசர் 1962இல் இதே நிகழ்வைக் கடிந்துரைக்காமல், வழக்காறு தன் சூழலை விட்டு இரண்டாம் கையாக வாழும் நிலை என ஆராய்ந்தார். கஹூனுக்குப் பொருந்துவது மோசரின் பார்வையே. அவர் பழமை என்று எவரையும் ஏமாற்றவில்லை. தம் பெயரைக் கையொப்பமாக இட்டார்.

அக்கையொப்பத்தில்தான் உழைப்பு பற்றிய வினா மீண்டும் எழுகின்றது. மார்த்தாவின் தந்தை ஆக்சல் ஃபார்ஹாம் ஸ்வீடனிலிருந்து குடியேறியவர். மரச்சாமான்களுக்கு அணியோவியம் தீட்டும் தொழிலர். மார்த்தா அவரிடம் அத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். மணத்துக்குப் பின் அத்தொழில் மார்த்தா வழியாகவே ரால்ஃபுக்கு வந்தது. ரால்ஃபின் ஓவியங்களில் பாராட்டப்படும் பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்தால் இது விளங்கும். இருபுறமும் ஒத்த சமநிலை, நடுவில் தலைமை உரு, ஓரங்களில் மரம் அல்லது இணையுரு, தட்டையான தெளிந்த வண்ணம், படத்தைச் சுற்றிய அணிவிளிம்பு ஆகியன பெட்டியின் மூடிக்கும் இழுப்பறையின் முகப்புக்கும் உரிய இலக்கணம். மாலுமியும் கடற்கன்னியும் எதிரெதிரே நிற்பது காதற்காட்சி மட்டுமன்று. மணப்பெட்டியின் முகப்பில் இணைப்பறவைகள் நிற்கும் முறையும் ஆகும். தொலைவான தெய்வ உருக்களை அன்றாட உடையில் நிறுத்துவதும் ஸ்வீடன் நாட்டு ஊர்ப்புற ஓவியத்துக்குப் புதிதன்று. தாலர்னா பகுதியின் வீட்டுச் சுவரோவியங்களில் விவிலிய மாந்தர் அவ்வூர் உழவரின் உடையிலேயே தோன்றுவர்.

மார்த்தாவும் கடற்கன்னியரை வரைந்தார். அமைதியான ஊர்ப்புறக் காட்சிகளையும் வரைந்தார். ஆனால் சந்தையில் முந்தியது ரால்ஃபின் பெயர். ரோசிகா பார்க்கரும் கிரிசெல்டா பொல்லாக்கும் 1981இல் வெளியிட்ட நூலில் சுட்டியதுபோல, கலை, கைவினை என்னும் பிரிவினை பாலின வேறுபாட்டோடு பின்னிப் பிணைந்தது. பெட்டியின்மேல் இருந்தவரை கைவினை; பலகையில் சட்டமிட்டதும் கலை. பெட்டியிலிருந்து பலகைக்கு வந்த வழியில், தொழிலைக் கொண்டுவந்தவரின் பெயர் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. ரால்ஃபின் தனித்திறனை இது குறைப்பதன்று. கடற்கன்னிக்குத் துணிக்கவ்வி தந்த குறும்பு அவருக்கே உரியது. அக்குறும்பு நிற்கும் தளத்தைச் செய்த கை எது என்பது வேறு வினா.

கொட்டூயிட்டில் அவர்கள் வாழ்ந்த வீடு 1984 முதல் கஹூன் அருங்காட்சியகமாக இயங்குகின்றது. இருவர் ஓவியங்களும் அங்கே உள்ளன. துணிக்கொடிக் காட்சியை அங்கு மார்த்தாவின் அணியோவியப் பெட்டிகளோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர், வாலின் வளைவையும் பெட்டி முகப்பின் கொடிக்கருக்கு வளைவையும் அடுத்தடுத்து வைத்து நோக்கலாம். நிற்க இயலாத உறுப்பை நிற்கச் செய்த அந்தக் கோடு, ஓர் இழுப்பறையின் மூலையை நிரப்புவதற்கென மார்த்தா தம் தந்தையிடம் பழகிய கோட்டின் இனத்தைச் சேர்ந்தது.